நாவின் கீழ் வைக்கும் சிறு மாத்திரை

நைட்ரேட் மருந்துகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?



தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில், இருதய நோயுள்ள பெரியவர் ஒருவரின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தால், ரயில் பாஸுடன் ஒரு சிறிய மாத்திரை அட்டையும் அநேகமாய் அகப்படும். 'சார்பிட்ரேட்' என்பது அதன் பெயர். 'நெஞ்சு வலி மாத்திரை' என்று சொல்லி எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை எப்பொழுது, எப்படி, எத்தனை எடுக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. ஒருவர் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறார். இன்னொருவர் ரயில் நிலையப் படிக்கட்டில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு மேலே ஏறுகிறார். வேறொருவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுகிறது என்று தம்முடைய மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறார். இம்மூன்றிலும் ஆபத்து உண்டு. மருந்து நல்லதுதான், அதைக் கையாளும் விதமே அதை உதவியாகவோ உபத்திரவமாகவோ ஆக்குகிறது.

எந்த வலிக்கு இந்த மருந்து?

இருதயம் ஓயாமல் உழைக்கும் ஒரு தசை. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது, ஓய்வாக இருக்கையில் ஒன்றும் தெரியாது. படி ஏறும்போதும், பாரம் தூக்கும்போதும், கோபப்படும்போதும், வயிறு நிறைய உண்டபின் நடக்கும்போதும் இருதயம் அதிக இரத்தம் கேட்கிறது. குறுகிய குழாயால் அதைக் கொடுக்க முடிவதில்லை. அப்பொழுது எழும் வேதனையே 'ஆஞ்சைனா'. இலண்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் 1768ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக வர்ணித்து இப்பெயரையும் இட்டார். நடக்கும்போது வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்று அன்று அவர் கவனித்த அடையாளம் இன்றைக்கும் மாறவில்லை.

இது எப்போதும் 'வலி'யாகவே இருப்பதில்லை. நெஞ்சின் நடுவில் கல்லை வைத்து அழுத்துவது போலவும், கயிற்றால் இறுக்குவது போலவும், எரிச்சல் போலவும் பலர் உணருகிறார்கள். இடது கைக்கும், தோளுக்கும், கழுத்துக்கும், கீழ்த்தாடைக்கும் அது பரவலாம். பெண்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும், நீண்டகாலம் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் நெஞ்சில் ஒன்றும் இல்லாமல் மூச்சிரைப்பும் அசாதாரணமான களைப்பும் மட்டுமே தோன்றுவதும் உண்டு. நம்மவர்களோ இதையெல்லாம் 'வாயு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். ஓமத்தண்ணீரும் சோடாவும் குடித்துவிட்டு மறுபடியும் வேலைக்குப் போவார்கள். மாஹிம் அல்லது சயான் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் தினமும் ஒரே படியில் நின்று மூச்சு வாங்குகிறவர், அந்தப் படியை 'வாயு' என்று தள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எத்தனையாவது படியில் வருகிறது, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்ற விவரம் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

வெடிமருந்தில் பிறந்த மருந்து

இத்தாலியிலுள்ள தூரின் நகரில் 1847ஆம் ஆண்டில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியல் அறிஞர் நைட்ரோகிளிசரின் என்ற திரவத்தை உண்டாக்கினார். அது பயங்கரமாக வெடித்தது. அதில் அற்பமான அளவை நாவில் வைத்துப் பார்த்தபோது கடுமையான தலைவலி உண்டாயிற்று என்றும் அவர் குறித்து வைத்தார். பிற்காலத்தில் சுவீடன் தேசத்து ஆல்பிரட் நோபெல் அதே திரவத்தை அடக்கி, 1867இல் டைனமைட் என்ற வெடிமருந்தாக ஆக்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தார். இலண்டனில் வில்லியம் மர்ரெல் என்ற மருத்துவரோ அத்திரவத்தை மிகவும் நீர்க்கச் செய்து தம்மிடமே சோதித்துப் பார்த்து, ஆஞ்சைனா நோயாளிகளுக்குக் கொடுத்து, அதன் பலனை 1879இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

நோபெலின் கடைசி நாட்களில் அவருக்கும் இருதய நோய் வந்தது. மருத்துவர்கள் அவருக்கு எழுதிக்கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின்! ஜனங்கள் அஞ்சாதபடி மருந்துக்கடைக்காரர்கள் அதற்கு வேறு பெயர் சூட்டியிருப்பதைக் குறித்து, 1896 அக்டோபரில் தம் உதவியாளருக்கு எழுதிய கடிதத்தில் அவரே வியந்து குறிப்பிட்டார். அந்த டிசம்பரில் அவர் மரித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், இம்மருந்து வேலை செய்யும் இரகசியத்தை வெளிப்படுத்திய ஆராய்ச்சிக்காக பர்ச்காட், இக்னாரோ, முராட் என்னும் மூவருக்கு 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு, அந்த மனிதருடைய பெயராலேயே வழங்கப்பட்டது.

அந்த இரகசியம் இதுதான். நைட்ரேட் மருந்து சரீரத்தில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தருகிறது. அது இரத்தக் குழாய்களின் சுவரிலுள்ள தசையைத் தளரச் செய்கிறது. விசேஷமாக, இருதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தத்தைச் சுமக்கும் சிரைகள் விரிகின்றன. இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் சற்றுத் தங்குகிறது. இருதயத்துக்கு வந்து சேரும் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் அதன் பசியும் குறைகிறது. இருதயத் தமனிகளும் ஓரளவு விரிகின்றன. ஆகவே இம்மருந்து அடைப்பைக் கரைப்பதில்லை, கொழுப்பை அகற்றுவதில்லை. மூட்டை தூக்குகிறவனின் தலையிலிருந்து பாதி மூட்டையை இறக்கி வைப்பது போன்றது அது.

உட்கார்ந்து வையுங்கள்

இரத்தம் கீழே தங்குவதால் இரத்த அழுத்தமும் இறங்கும். நின்றுகொண்டு மாத்திரையை வைத்தவர் தலைசுற்றி விழுந்து, நெஞ்சு வலி தீர்ந்து தலைக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போவது உண்டு. எனவே வலி தோன்றியவுடன் செய்கிற வேலையை நிறுத்த வேண்டும், உட்கார வேண்டும். நாற்காலி இல்லையென்றால் படியிலோ தரையிலோ உட்காருங்கள். மும்பை நகரத்தின் அவசரத்தில் யாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை, சிரித்தால்தான் என்ன?

சார்பிட்ரேட் என்னும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மில்லிகிராம் மாத்திரையை நாவின் கீழே வைத்துக் கரையவிட வேண்டும். விழுங்கக் கூடாது. விழுங்கிய மருந்து குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே பெரும்பகுதி அழிந்துபோகிறது. மிஞ்சியதும் தாமதமாகவே வேலை செய்யும். நாவின் கீழுள்ள மெல்லிய தோலின் வழியாகவோ அது நேரே இரத்தத்தில் சேர்ந்து, சில நிமிடங்களில் பலன் தரும். வாய் உலர்ந்திருந்தால் முதலில் ஒரு மிடறு தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கரையும் வரை பேசவோ, தேநீர் அருந்தவோ, வெற்றிலை பாக்கு மெல்லவோ வேண்டாம். தெளிப்பு மருந்து வைத்திருப்பவர்கள் நாவின் கீழே தெளித்து வாயை மூட வேண்டும். ஆஸ்துமா மருந்தைப் போல மூச்சோடு உள்ளே இழுக்கக் கூடாது.

மயக்கம் வருவது போலிருந்தால் படுத்து, கால்களை ஒரு தலையணையின் மேல் உயர்த்தி வையுங்கள். இரண்டாவது மாத்திரையைத் தேட வேண்டாம்.

ஐந்து நிமிடக் கணக்கு

இந்தப் பகுதியை வீட்டிலுள்ள மற்றவர்களும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வலி வந்தவருக்குக் கடிகாரம் பார்க்கும் நிதானம் இராது.

முதல் மாத்திரை வைத்த ஐந்து நிமிடத்துக்குள் வலி தணிய வேண்டும். தணியவில்லை என்றாலும், அதிகரித்தாலும், இது சாதாரண ஆஞ்சைனா அல்ல, மாரடைப்பாக இருக்கலாம் என்று எண்ணி உடனே 108க்கு அழைக்க வேண்டும், அல்லது கிடைக்கிற வாகனத்தில் புறப்பட வேண்டும். வாகனம் வரும் வரையில், மயக்கம் இல்லாதிருந்தால், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டாவதும் மூன்றாவதும் வைக்கலாம். மூன்றுக்கு மேல் கூடாது. மருத்துவர் உங்களுக்கென்று வேறு அளவு எழுதியிருந்தால் அதுவே உங்களுக்குச் சட்டம். நோயாளியைத் தனியாக ஆட்டோவில் ஏற்றி அனுப்பாதீர்கள். அவரை மாடிப்படியில் நடத்தி இறக்காமல், முடிந்தால் நாற்காலியில் வைத்துத் தூக்குங்கள். தாராவியின் குறுகிய சந்துகளுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. ஒருவர் முன்னே ஓடி, 90 அடி சாலையிலோ 60 அடி சாலையிலோ நின்று வழிகாட்ட வேண்டும். இதை இன்றைக்கே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே போவது? சயானிலுள்ள லோக்மான்ய திலக் நகராட்சி மருத்துவமனையும், பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையும் இருதய நோய்ப் பிரிவுகளை உடையவை. தாராவிக்குள் 'சோட்டா சயான்' என்று ஜனங்கள் அழைக்கும் நகர்ப்புற சுகாதார மையம் வழக்கமான சிகிச்சைக்கு நல்லது. மாரடைப்பின் வேளையில் நேரே பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். அங்கே போய் 'கேஸ்' என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். இந்தியில் "சாத்தீ மே தர்த்" என்றோ, மராத்தியில் "சாத்தீத் துகதய்" என்றோ சொல்லுங்கள். ஊரிலிருந்து சமீபத்தில் வந்த பெற்றோருக்கும் இந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொடுங்கள். மாத்திரை அட்டையையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொரு காரியம். மாத்திரை வைத்தவுடன் வலி போய்விட்டது, ஆகவே பயமில்லை என்று தீர்மானிப்பது தவறு. உணவுக்குழாயின் இறுக்கத்தால் வரும் வலியும் இம்மருந்தால் தணியும். மாரடைப்பின் வலியும் சற்று நேரம் தணிந்து திரும்ப வரும். வழக்கமாய் இரண்டாவது மாடியில் வந்த வலி இப்போது முதல் மாடியிலேயே வருகிறது, வாரம் ஒருமுறை வந்தது தினமும் வருகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது என்றால், மாத்திரை கேட்டாலும் கேட்காவிட்டாலும் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்.

வலி வரும் முன்னே

இம்மருந்தை வலி வந்தபின் மட்டுமல்ல, வரும் முன்னேயும் வைக்கலாம் என்பதைப் பலர் அறியார். குறிப்பிட்ட ஒரு வேலை செய்தால் நிச்சயமாக வலி வரும் என்று தெரிந்தவர்கள், மருத்துவரின் ஆலோசனையோடு, அதற்கு ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு முன் உட்கார்ந்து ஒரு மாத்திரை வைத்துக்கொண்டால், அந்த வலியைத் தவிர்க்கலாம். நிலையத்தின் மேம்பாலம் ஏறுவதற்கு முன், குளிர்காலத்து அதிகாலையில் வேலைக்குப் புறப்படுமுன், இது மிகுந்த ஒத்தாசையாய் இருக்கும். ஆனால் இதன் பலத்தில் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொள்வது புத்தியல்ல.

தினமும் எடுக்கும் நைட்ரேட் மாத்திரைகள் வேறு. ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நீண்டநேரம் வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்ட கிளிசெரில் டிரைநைட்ரேட் ஆகியவை விழுங்கும் மாத்திரைகள். மோனோட்ரேட், நைட்ரோகான்டின் போன்ற பெயர்களில் இவை கிடைக்கின்றன. இவை வலியைத் தடுப்பதற்கானவை. வந்துவிட்ட வலியை நிறுத்துவதற்கு உதவா. அட்டைகள் ஒரே பெட்டியில் கிடந்தால் அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகும். நாவின் கீழ் வைக்கும் அட்டையைத் தனியாக வைத்து, பேனாவால் தமிழிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நீண்டநேர மாத்திரைகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

திங்கட்கிழமைத் தலைவலி

டைனமைட் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. வாரத்தின் முதல் நாள் கடும் தலைவலி. வாரம் போகப் போக அது மறைந்துவிடும். ஞாயிறு விடுமுறைக்குப்பின் திங்களன்று மீண்டும் வரும். அந்தத் திங்கட்கிழமை வேதனையைத் தவிர்க்க, சிலர் நைட்ரோகிளிசரினைச் சிறிது தொப்பியின் உட்பட்டையில் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களாம்! வேறு சிலருக்கு, அடைப்பு ஒன்றும் இல்லாதிருந்தும், விடுமுறை நாளில் நெஞ்சு வலியே வந்தது.

இந்தத் தொழிலாளிகளின் அனுபவத்தில் நமக்குத் தேவையான இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, மருந்தைத் தொடங்கிய நாட்களில் தலைவலி வருவது இயல்பு. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அநேகருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். பாராசிட்டமால் எடுக்கலாம். தலைவலிக்கு அஞ்சி மருந்தையே விட்டுவிடாமல், மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார்.

இரண்டாவது பாடம் முக்கியமானது. சரீரம் இரவும் பகலும் இடைவிடாமல் நைட்ரேட்டுக்குள் இருந்தால், அதற்குப் பழகிப்போய், மருந்து பலனற்றதாகிவிடும். அதனால்தான் நாளில் சுமார் 10 முதல் 14 மணி நேரம் மருந்தில்லாத இடைவெளி வேண்டும் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மோனோநைட்ரேட்டைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் எழுதிக்கொடுப்பது இதற்காகவே. 'இரண்டு வேளை' என்றதும் நாம் காலை இட்லிக்குப் பின்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் என்று வைத்துக்கொள்கிறோம். சர்க்கரை மாத்திரைக்கு அது சரியாக இருக்கலாம், இதற்குச் சரியல்ல. மணியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரவுக் காவல் பணி, டாக்ஸி, இரவு நேர அலுவலகம் என்று வேலை செய்கிறவர்களுக்கும், நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வலி வருகிறவர்களுக்கும் இந்த நேரங்கள் மாறும். "நான் இரவில் வேலை செய்து பகலில் தூங்குகிறேன்" என்று நீங்கள் வாய் திறந்து சொன்னாலொழிய மருத்துவருக்கு அது தெரியாது.

அந்தத் தொழிலாளிகளுக்கு விடுமுறை நாளில் வந்த நெஞ்சு வலியையும் நினைவில் வையுங்கள். பல மாதம் எடுத்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். நிறுத்த வேண்டுமானால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

சொல்லக் கூச்சப்படும் ஆபத்து

குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். உயிர் போகிற காரியத்தில் கூச்சம் பாராட்டுவது சரியல்ல என்பது என் கருத்து.

ஆண்மைக் குறைவுக்காக எடுக்கப்படும் சில்டெனாபில், டடாலபில், வார்டெனாபில் ஆகிய மருந்துகளை நைட்ரேட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் இரத்தக் குழாய்களை விரிக்கின்றன; இரண்டும் சேரும்போது இரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி மரணமே சம்பவிக்கலாம். சில்டெனாபில் அல்லது வார்டெனாபில் எடுத்தவருக்கு 24 மணி நேரமும், டடாலபில் எடுத்தவருக்கு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்துக்குள் நெஞ்சு வலி வந்தால் மாத்திரையைத் தொடாமல் நேரே மருத்துவமனைக்குப் போய், எடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் அதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார். மனைவியின் முன்பாகச் சொல்ல வெட்கமானால், அவரைத் தனியே அழைத்தாவது சொல்லுங்கள்.

இதிலே கண்ணி ஒன்று மறைந்திருக்கிறது. டடாலபில் வயதானவர்களின் சிறுநீர்ச் சுரப்பி வீக்கத்துக்கும் தினமும் கொடுக்கப்படுகிறது. சில்டெனாபில், நுரையீரல் இரத்த அழுத்தத்துக்குப் பெண்களுக்கும்கூட எழுதப்படுகிறது. தாம் எடுப்பது எதுவென்று அவர்களுக்கே தெரியாமலிருக்கலாம். புறநகர் ரயில் பெட்டிகளில் ஒட்டப்பட்டிருக்கும் 'சக்தி' மருந்து விளம்பரங்கள் அதைவிட மோசம். மூலிகை என்று சொல்லி விற்கப்படும் இவ்வகைத் தூள்களிலும் உருண்டைகளிலும் சில்டெனாபில் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நைட்ரேட் எடுப்பவர் இவற்றின் அருகே போகலாகாது. ஆஞ்சைனாவுக்கே கொடுக்கப்படும் நிக்கோராண்டில் மாத்திரைக்கும் இதே தடை உண்டு.

மதுவும் இரத்த அழுத்தத்தை இறக்கும். நைட்ரேட்டோடு சேர்ந்தால் மயக்கம் நிச்சயம். நம் வாசகர்களுக்கு இது தேவையில்லை என்றாலும், அவர்கள் வீட்டில் அண்ணனும் மைத்துனரும் இருக்கிறார்களே!

கைப்பேசியில் வரும் வைத்தியம்

'மாரடைப்பா? இந்த மூன்று மாத்திரைகளை எப்போதும் பையில் வைத்திருங்கள்' என்ற செய்தி எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கான்பூரிலுள்ள அரசு இருதய மருத்துவமனை, ஆஸ்பிரின், ரோசுவாஸ்டாடின், சார்பிட்ரேட் ஆகிய மூன்றையும் சுமார் 7 ரூபாய்க்கு ஒரு பொட்டலமாக அறிமுகம் செய்தது. செய்தி நாடெங்கும் பரவியது. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அதில் சார்பிட்ரேட் சேர்ந்திருப்பதுதான் இடறல். மாரடைப்பு வந்தவர்களில் சிலருக்கு இருதயத்தின் வலது பக்கம் பாதிக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அந்நிலையில் நாவின் கீழ் வைக்கும் நைட்ரேட் அவர்களை மேலும் தள்ளிவிடும். மேல் அழுத்தம் 90க்குக் கீழே உள்ளவர்களுக்கும், இருதயத்தின் வாசல் வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கும், இருதயத் தசை தடித்துப் புறவழியை அடைக்கும் நோயுள்ளவர்களுக்கும் இம்மருந்து ஆகாது. இதையெல்லாம் இரத்த அழுத்தக் கருவியும் இ.சி.ஜி.யும் இல்லாமல் பக்கத்து வீட்டார் எப்படி அறிவார்?

நம் தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தைப் பாருங்கள். நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் வருகிறவர்களுக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் கொடுக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டவை மொத்தம் 14 மாத்திரைகள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. நைட்ரேட் அதில் இல்லை. ஆராய்ச்சியும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள் பங்குபெற்றார்கள். ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே இருதய, இரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. 1995இல் வந்த ஐசிஸ்-4 ஆய்வில் 58,050 பேர். மாரடைப்பு வேளையில் கொடுத்த மோனோநைட்ரேட் மரணங்களைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. வலியை ஆற்றும் மருந்து வேறு, ஜீவனைக் காக்கும் மருந்து வேறு. ஆகவே சார்பிட்ரேட் உங்களுக்கென்று எழுதப்பட்டிருந்தால் பயமின்றிப் பயன்படுத்துங்கள். எழுதப்படாதவருக்கு அன்பின் நிமித்தம்கூடக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினோ, ஒவ்வாமையும் வயிற்றில் இரத்தக் கசிவும் இல்லாதவர் மாரடைப்பு என்று சந்தேகிக்கும்போது, 300 மில்லிகிராம் மென்று விழுங்கிவிட்டுப் புறப்படலாம்.

அதே காரணத்தால், தினமும் எழுதப்பட்ட ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு, வலி வந்தால் வைக்க சார்பிட்ரேட் இருக்கிறதே என்றிருப்பது வீட்டின் கூரையை விற்றுக் குடை வாங்குவது போலாகும்.

உபவாச நாட்களும் நீண்ட ஆராதனைகளும்

உபவாசம் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீரும் குறைந்து, வெறும் வயிறாய், மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில் மணிக்கணக்காய் நிற்கும்போது இரத்த அழுத்தம் தானாகவே குறைகிறது. அதன்மேல் நைட்ரேட்டும், சிறுநீர் போக்கும் மாத்திரையும், மற்ற இரத்த அழுத்த மருந்துகளும் சேர்ந்தால் மயக்கம் வரும். முழங்காலிலிருந்து சட்டென்று எழுவதிலும் இதே ஆபத்து உண்டு. இருதய நோயாளி உபவாசிக்க விரும்பினால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். தண்ணீரையும் மருந்தையும் விடக்கூடாது. உட்கார்ந்து ஜெபிப்பதில் குறைவொன்றும் இல்லை. சபையில் ஒருவர் மயங்கி விழுந்தால், சுற்றி நிற்பவர்கள் விலகிக் காற்றுக்கு இடம்விட்டு, அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று வீட்டாரிடம் உடனே விசாரிக்க வேண்டும். அவர் மூச்சும் அசைவும் இல்லாதிருந்தால் அது மயக்கம் அல்ல. ஒருவர் 108க்கு அழைக்க, மற்றொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் பலமாக, வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சுகம் பெற்றேன் என்று சாட்சி சொல்லி அன்றே மாத்திரைகளைத் தூக்கி எறிகிறவர்களும் நம்மில் உண்டு. சுகம் உண்மையானால் அது இ.சி.ஜி.யிலும் டிரெட்மில் சோதனையிலும் தெரியத்தான் போகிறது. சோதித்துப் பார்த்து மருத்துவரே குறைக்கட்டும். நைட்ரேட்டைத் திடீரென்று நிறுத்தினால் என்ன நேரும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

அட்டையும் புட்டியும்

சார்பிட்ரேட் அட்டையில் வருவதால் ஓரளவு பத்திரமானது. அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்துத் தாளில் மடித்து வைக்காதீர்கள். மும்பை மழைக்காலத்தின் ஈரத்தில் நைந்துபோகும். சட்டைப் பையில் மாதக்கணக்காய்க் கிடந்து வியர்வையில் ஊறிய அட்டையையும், காலாவதியானதையும் மாற்றிவிடுங்கள். நாவின் கீழ் வைக்கும் கிளிசெரில் டிரைநைட்ரேட் மாத்திரைகள் இன்னும் மென்மையானவை; அவற்றின் மருந்து காற்றில் ஆவியாகிப் பறந்துவிடும். அவை வந்த பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். பஞ்சு அடைக்கவோ, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றவோ கூடாது. புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி, எட்டு வாரத்துக்குப் பின் புதிதாக வாங்கிக்கொள்வது பிரிட்டனில் உள்ள வழக்கம். நமது வெப்பத்துக்கும் அது பொருந்தும்.

கோடை விடுமுறைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர்கள், மருந்தை இருக்கைக்கடியில் பூட்டி வைக்கும் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். நடு இரவில், எங்கோ ஒரு சிறிய நிலையத்தில், சங்கிலியை அவிழ்த்துப் பெட்டியைத் திறப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். இன்னொரு அட்டை துணையாக வருகிறவரின் கைப்பையில் இருக்கட்டும். மேல் படுக்கை கிடைத்திருந்தால் எதிரிலிருக்கும் இளைஞரிடம் கேட்டுக் கீழ்ப் படுக்கைக்கு மாறிக்கொள்ளுங்கள். மருத்துவரின் சீட்டை ஒரு நகல் எடுத்து மணிபர்சில் வையுங்கள். ஊரில் மருந்துக்கடைக்காரர் அதே வியாபாரப் பெயரில் வைத்திராவிட்டாலும், சீட்டிலுள்ள மூலப்பெயரையும் மில்லிகிராமையும் பார்த்துச் சரியானதை எடுத்துக்கொடுப்பார். டைநைட்ரேட்டா, மோனோநைட்ரேட்டா என்று ஒருமுறை நீங்களும் வாசித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள்.